லொட்ஜ் மனேஜர் பெருமாள்: ஒரு மேடைப் பாத்திரம் உருவான விதம்

கொழும்பில் வேலை முடிந்த பிறகு மாலையில் கூடும் ஒரு சிறு தமிழ் நாடகக் குழு, கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றைக் களமாக வைத்து முக்கால் மணி நேர நாடகம் ஒன்றைத் தயாரித்தது. அதில் வரும் ஒரேயொரு ஆளைப் பற்றியதே இந்த ஆய்வு. அவர் பெயர் பெருமாள், லொட்ஜின் மனேஜர். எழுத்துப்படியின் முதல் வடிவத்தில் அவரை யாராலும் நம்ப முடியவில்லை. மேடைக்கு வந்தபோது பார்வையாளர்கள் அவரோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு நம்பினார்கள். இடையில் என்னென்ன மாறின, எது வேலை செய்தது, எது கடைசி வரை சரிவரவில்லை என்று பார்க்கலாம். நான் 'நாடகமும் அரங்கியலும்' பாடம் படிப்பிப்பதால், வெளியாளாக இருந்து பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கூப்பிட்டிருந்தார்கள். எழுதியதும் நடித்ததும் அவர்கள். நான் ஒத்திகையில் மூலையில் இருந்து குறிப்பெடுத்ததோடு சரி.

களமும் காலமும்

நாடகம் நடப்பது 2007 ஜூன் மாதத்தின் முதல் வாரம். அதற்கு முந்தைய ஆண்டு ஓகஸ்டில், யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ9 வீதி முகமாலையில் மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் கப்பலிலோ விமானத்திலோதான் கொழும்பு வரவேண்டியிருந்தது. வைத்தியத்துக்கு, விசாவுக்கு, வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போவதற்கு, சும்மா உயிரோடு இருப்பதற்கு என்று வந்தவர்கள் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் மாதக்கணக்காகத் தங்கினார்கள். தங்குபவர் ஒவ்வொருவரின் விபரமும் பொலிஸில் பதியப்பட வேண்டியிருந்தது. ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் பொலிஸார் லொட்ஜுகளுக்குள் வந்து, 376 பேரை பஸ்களில் ஏற்றி, பெரும்பாலும் வவுனியா நோக்கி அனுப்பினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன்பின் ஒரு பகுதியினர் திரும்பவும் கொண்டுவரப்பட்டார்கள்.

நாடகம் அந்த இரவையும் விடியலையும் மட்டும் எடுத்துக்கொள்கிறது. நீதிமன்றமும் இல்லை, வவுனியாவும் இல்லை. ஒரு மேசை, ஒரு திறப்புப் பலகை, மாடிக்குப் போகும் படிகள், அவ்வளவுதான்.

முதல் வடிவம்

எழுதியவர் வெள்ளவத்தையைச் சேர்ந்த இளம் பெண். அந்தக் காலத்தில் அவர் சின்னப் பிள்ளை. உறவினர்கள் லொட்ஜில் இருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். மனேஜரை மலையகத்தவராக, அதாவது தேயிலைத் தோட்டப் பகுதியின் இந்திய வம்சாவளித் தமிழராக, ஆக்கியது அவருடைய சொந்த யோசனை. நல்ல யோசனையும்கூட. கொழும்பில் கடை, லொட்ஜ், சாப்பாட்டுக்கடை என்று எங்கு பார்த்தாலும் சிறு வயதில் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்து நிலைத்துவிட்ட மலையகத்து ஆட்களைக் காணலாம்.

ஆனால் அந்த முதல் வடிவத்தில் பெருமாள் ஒரு தெய்வப்பிறவி. காசில்லாதவருக்கு அறை சும்மா கொடுக்கிறார். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிறார். நடுவில் தன் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பக்க நீளத்துக்குச் சொல்கிறார்: மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948 பிரசாவுரிமைச் சட்டம், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக இருந்த தகப்பன், எல்லாம் ஒழுங்காக. பிறகு பொலிஸ் வருகிறது. முதல் வடிவத்திலிருந்து அப்படியே தருகிறேன்:

பொலிஸ் அதிகாரி: இங்கே தங்கியிருப்பவர்களின் விபரம் வேண்டும்.
பெருமாள்: இவர்கள் மனிதர்கள், சேர்! நோயாளிகள், தாய்மார்கள், படிக்க வந்த பிள்ளைகள்! இவர்களை அனுப்புவதென்றால் முதலில் என்னை அனுப்புங்கள்!

குழுவில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் அனுபவத்தில் ஒரு பாத்திரத்துக்கு இதைவிட மோசமான சகுனம் கிடையாது. உயிருள்ள ஆள் மேடைக்கு வந்தால் யாராவது ஒருவருக்காவது எரிச்சல் வரும், சந்தேகம் வரும்.

இந்த இடத்தில் குழுவில் ஒருவர், அப்படி எதிர்த்துக் கதைத்த ஒரு மனேஜர் உண்மையிலேயே இருந்தாராம், தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். இருந்திருக்கலாம். அரிஸ்டோட்டில் தன் கவிதையியலில் இதற்கு என்றோ பதில் சொல்லிவிட்டார்: நடக்கக்கூடியதாக இருந்தும் நம்ப முடியாததைவிட, நடக்க முடியாததாக இருந்தும் நம்பத்தக்கது கலைக்கு மேல். உண்மையில் நடந்தது என்பது மேடையில் சாட்சியாகாது. அந்த ஆள் அப்படிக் கத்தக்கூடியவர் என்பதற்கான அத்தாட்சி நாடகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்தப் பெருமாளிடம் அது இல்லை. நாளைக்கும் அதே லொட்ஜில், அதே பொலிஸ் நிலையத்தின் எல்லைக்குள் வேலை பார்க்க வேண்டிய ஒருவர் ஏன் அப்படிக் கத்துகிறார்? எழுதியவருக்கு அவரை அவ்வளவு பிடித்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கொப்பி

திருப்பம் நடிகரிடமிருந்து வந்தது. பெருமாளாக நடிக்கவிருந்தவர் யாழ்ப்பாணத்தவர், வங்கி ஊழியர், ஐம்பதைத் தொடும் வயது. அவர் எழுதியவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தங்கச்சி, இந்த மனுசன் காலமை எழும்பினதில இருந்து என்ன வேலை செய்யிறார்?"

எழுத்துப்படியில் அதற்குப் பதில் இல்லை. ஆறுதல் சொல்கிறார், அழுகிறார், கோபப்படுகிறார். வேலை ஒன்றும் செய்யவில்லை. சரி, லொட்ஜ் மனேஜருக்கு என்ன வேலை என்று எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். திறப்புக் கொடுப்பது, வாங்குவது. வாடகை. தண்ணீர்த் தாங்கி. தலையணை உறை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவு. யார் வந்தார்கள், எந்த ஊர், என்ன காரணம், ஐ.சி. (அடையாள அட்டை) இலக்கம் என்ன. இதை ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போட்டு எழுதி வைத்திருப்பார் என்று ஒருவர் சொன்னார். அழகான கையெழுத்தாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். அந்தக் கணத்தில்தான் பெருமாள் பிறந்தார் என்பேன்.

ஏனென்றால் அந்தக் கொப்பிதான் பிறகு பொலிஸின் கைக்குப் போகப் போகிறது. தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒரு மனிதனின் பெருமையும், அந்த ஒழுங்கால் மற்றவர்களுக்கு வரும் ஆபத்தும் ஒரே பொருளில் வந்து சேர்ந்துவிட்டன. யாரும் இதற்காக ஒரு வசனமும் எழுத வேண்டியிருக்கவில்லை.

நடிகர் வீட்டுக்குப் போய் உண்மையிலேயே ஒரு கொப்பி வாங்கி, லொட்ஜின் எல்லா அறைகளுக்கும் பதிவு எழுதினார். மேடைக்கு வராத அறைகளுக்கும்கூட. எழுத எழுதத்தான் சில விஷயங்கள் பிடிபட்டன என்று பிறகு சொன்னார். தங்கும் காரணம் என்ற நிரலில் 'வைத்தியம்', 'வைத்தியம்' என்று தொடர்ந்து எழுதியபோது, பெருமாள் இதை நம்புவாரா என்ற கேள்வி வந்ததாம். நம்பாதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். பார்வையாளர் யாருக்கும் அந்தப் புள்ளி தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய கண் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்காமல் தாண்ட வேண்டும் என்பது தீர்மானமாகிவிட்டது. ஒத்திகையில் நான் கவனித்த இன்னொன்று: மற்றக் கடதாசிகளை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுபவர், அந்தக் கொப்பியை மட்டும் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வாயால் சொல்லாத வரலாறு

இரண்டு பக்கத் தன்வரலாற்றை வெட்ட எழுதியவருக்கு மனம் வரவில்லை. அவர் தேடிப் படித்து எழுதியது அது. அதிலிருந்த தகவல்களும் சரியானவை. பெருமாள் 1961இல் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 2003இல் வந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டத்துக்குப் பிறகுதான் அவர் கைக்கு ஐ.சி. கிடைக்கிறது. அதாவது நாற்பது வயதைத் தாண்டி. அதுவரை கொழும்பு வீதிகளில் சோதனைச் சாவடிகளைக் கடந்து அவர் எப்படி நடமாடியிருப்பார் என்பதை யோசித்தாலே போதும்.

இதை வசனமாகச் சொல்லவைத்தால் பார்வையாளர் ஒரு பாடத்தைக் கேட்கிறார். சொல்லாமல் வைத்தால் என்ன செய்வது? குழு ஒரு வழி கண்டுபிடித்தது. இதுதான் இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 82540 என்று தொடங்கினால் 1982ஆம் ஆண்டு, நாற்பதாவது நாள், பெண். அதாவது பெப்ரவரி 9. இது ஒன்றும் இரகசியமில்லை. ஆனால் இலங்கையில் எத்தனை பேர் தங்கள் இலக்கத்தை இப்படி வாசித்துப் பார்த்திருப்பார்கள்? பெருமாளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. அட்டையை வாங்கி இலக்கத்தை ஒருமுறை பார்த்தவுடன், "பெப்ரவரி ஒன்பதுங்களா? அப்ப தை முடியப்போற நேரம்" என்கிறார். புதிதாக வந்த பெண் திடுக்கிட்டுப் பார்க்கிறாள். பார்வையாளர் சிரிக்கிறார்கள். அட்டையை அவர் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிறார், கோயிலில் தட்டை நீட்டுவது மாதிரி.

அவ்வளவுதான். 1948உம் இல்லை, 1964உம் இல்லை. அட்டை என்ற பொருளை நாற்பது வருடம் ஏங்கிக் காத்திருந்து வாங்கியவன் எப்படித் தொடுவானோ அப்படித் தொடுகிறார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அங்கேயே தொண்டை அடைக்கும். தெரியாதவர்களுக்கு, இந்த மனிதர் அட்டைகளை விசேஷமாக மதிக்கிறார் என்பது மட்டும் பதியும். பின்னால் வரும் காட்சிக்கு அந்த அளவே போதும். எழுதியவர் படித்ததெல்லாம் வீண் போகவில்லை. அவ்வளவும் தெரிந்திருக்காவிட்டால் அந்த இரண்டு கைகள் வந்திருக்காது.

அவர் பேசும் தமிழ்கள்

மொழியில்தான் குழு அதிகம் தடுமாறியது. யாழ்ப்பாணத்து நடிகர் மலையகத் தமிழ் பேச முயன்றபோது வந்தது தமிழ்நாட்டுச் சினிமாத் தமிழ். இது புதிய நோயில்லை. வடக்கைச் சேர்ந்தவர்கள் மலையகத்தவராக நடிக்கும்போது காதில் இருப்பது ஹட்டன் அல்ல, கோடம்பாக்கம். கொழும்பு மேடையில் மலையகத் தமிழும் முஸ்லிம் தமிழும் நெடுங்காலமாகச் சிரிப்பு மூட்டவே பயன்பட்டுவந்திருக்கின்றன என்பதும் சேர்ந்து, பெருமாள் வாயைத் திறந்தாலே ஒரு கோமாளி நிழலாடினார்.

மேடையில் பேச்சுத் தமிழ் என்பது இங்கே சும்மா கிடைத்த உரிமையில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930களிலும் 40களிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலேயே நாடகங்கள் எழுதி ஒரு வாசலைத் திறந்தார். 1960களில் பேச்சு வழக்கில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்களை மரபுவாதிகள் 'இழிசனர் வழக்கு' என்று தாக்கியதும், அதற்கு எதிராக மண்வாசனை என்ற கொடி தூக்கப்பட்டதும் இலக்கிய வரலாறு. அந்தச் சண்டையில் மண்வாசனைக்காரர்கள் வென்றார்கள். ஆனால் வெற்றியோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: ஒரு பாத்திரத்துக்கு ஓர் ஊர், ஓர் ஊருக்கு ஒரு வழக்கு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதே வழக்கு. கிராமத்துக் கதைக்கு இது பொருந்தலாம். கொழும்புக்குப் பொருந்தாது.

கொழும்பில் முப்பது வருடம் வேலை செய்த ஒருவர் ஆளுக்கு ஆள் மாறுவார். ஒத்திகைக்கு விளக்கு வேலை பார்க்க வந்த தலவாக்கலைப் பையன்தான் இதைச் சொன்னான்: "அண்ணே, நானே உங்ககிட்ட பேசுற மாதிரி எங்க வீட்ல பேச மாட்டேன்." அதன்பிறகு பெருமாளின் ஒவ்வொரு உரையாடலும் யாரோடு என்று பார்த்துத் திரும்ப எழுதப்பட்டது. லொட்ஜில் வேலை செய்யும் பையனிடம் "ஆமா". தொலைபேசியில் யாழ்ப்பாணத்து முதலாளியிடம் "ஓம் ஐயா, ஓம்". பொலிஸிடம் சிங்களத்தில் "ஒவ் சேர்". மாடியிலிருந்து இறங்கி வரும் யாழ்ப்பாணத்து அம்மாவிடம் மட்டும் ஒரு கலவை:

அம்மா: தம்பி, என்ர கார்ட்டை ஒருக்காத் தாங்கோ. சந்திக்குப் போட்டு வாறன்.
பெருமாள்: இந்தாங்கம்மா. ஆறு மணிக்குள்ள வந்துருங்க. நேத்தும் செக்கிங் இருந்துச்சு.
அம்மா: ஓமோம். நீங்கள் இருக்கிறியள்தானே, எங்களுக்கு என்ன பயம்?
பெருமாள்: (சற்றுத் தாமதித்து) ஓம்மா.

அந்தக் கடைசி "ஓம்மா"வில் அவர் அந்த அம்மாவின் பேச்சுக்குள் ஒரு அடி வைக்கிறார். பாசமா, வேலைக்கான தந்திரமா என்று தெரியாது. நடிகரும் அதைத் தீர்மானிக்காமல் விட்டார். இப்படி ஆளுக்கு ஆள் மாறுபவரை நாம் பாசாங்குக்காரர் என்று நினைப்பதில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு முள்ளையும் வைத்தார்கள். அதே அம்மா அடுத்த காட்சியில், படியில் நின்று மகளோடு தொலைபேசியில் பேசும்போது மனேஜரைத் 'தோட்டக்காட்டான்' என்கிறார், மலையகத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல். கோபத்தில் இல்லை, சாதாரணமாக, ஒரு அடையாளம் சொல்வது போல. கீழே பெருமாள் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். கோடு நிற்கவில்லை. எழுதியவரின் சொந்தச் சனம் சொல்லும் சொல் அது, அதை எழுதத் துணிந்ததற்காக அவருக்கு என் மரியாதை. அந்தச் சொல் இல்லாத மனேஜர்–விருந்தாளி உறவு வெறும் தேசிய ஒற்றுமைச் சுவரொட்டியாகத்தான் இருந்திருக்கும்.

விடியற்காலைக் காட்சி

பொலிஸ் வரும் காட்சியின் புதிய வடிவம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கிறது. மொத்தம் ஏழெட்டு வரி. அதிகாரி கொப்பியைக் கேட்கிறார். பெருமாள் இரண்டு கைகளாலும் நீட்டுகிறார். அதிகாரி புரட்டிப் பார்த்து, "லஸ்ஸன அகுரு" என்கிறார், அழகான எழுத்து. பெருமாளின் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, வந்த பிறகுதான் அது வந்தது அவருக்கே தெரிகிறது. "கியவன்ன", வாசி, என்று கொப்பி திரும்பக் கொடுக்கப்படுகிறது. அறை இலக்கத்தையும் பெயரையும் அவர் வாசிக்கிறார். மேலே கதவுகள் தட்டப்படுகின்றன. வாசித்து முடிந்ததும் அதிகாரி அவரைப் பார்த்துக் கேட்கிறார்: "கம கொஹேத?" ஊர் எது?

"ஹட்டன், சேர்."

"ஹரி. ஓயா இன்ன." சரி, நீ இரு.

இந்த இடத்தில் நடிகர் பல வாரம் மாட்டிக்கொண்டார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து குடும்பத்தோடு நடந்து வந்தவர் அவர். அந்த நினைவை எடுத்து இந்தக் காட்சிக்குள் கொண்டுவந்தார். கண்ணீர் உண்மையாகவே வந்தது. ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த எங்களில் சிலருக்கும் வந்தது. ஆனாலும் காட்சி எடுபடவில்லை, பெருமாள் எங்கோ தொலைந்துபோனார். ஏன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. உண்மையான கண்ணீரைப் பார்த்துப் பிழை என்று சொல்வது லேசான காரியமா?

எனக்கு அப்போது கைகொடுத்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். வகுப்பில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யவைக்கும் வரி:

இளிவே இழவே அசைவே வறுமையென
விளிவில் கொள்கை அழுகை நான்கே

அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள். பிறர் முன் தாழ்ந்துபோவது, உறவையோ பொருளையோ இழப்பது, முன்பிருந்த நிலை குலைவது, இல்லாமை. இதைப் பட்டியலாகப் படிப்பித்தால் செத்த பாடம். நடிகரிடம் கேள்வியாகக் கேட்டால் உயிர் வரும்: இந்த அழுகை நான்கில் எது? அவர் நடித்தது இழவு. வீட்டை விட்டுப் பிடுங்கப்பட்டவனின் அழுகை. அது பஸ்ஸில் ஏற்றப்பட்ட அந்த அம்மாவுக்கு உரியது. பெருமாள் நடைபாதையில் நிற்பவர். அவரை யாரும் ஏற்றவில்லை. அவருக்கு வரக்கூடியது இளிவு, அதுவும் உடனே வராது. "ஓயா இன்ன" என்று கேட்டவுடன் ஒரு மனிதனுக்கு முதலில் வருவது நிம்மதி. அப்பாடா, நான் இல்லை. அந்த நிம்மதி வந்துவிட்டதே என்ற வெட்கம் அதற்குப் பிறகு.

ரஷ்ய நாடக நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் தொடக்கக் காலத்தில் நடிகரின் சொந்த உணர்ச்சி நினைவுகளைத் தோண்டுவதற்கு நிறைய இடம் கொடுத்தவர். கடைசிக் காலத்தில், 1930களில், உடற்செயல்களின் வழியாகப் போவதற்கு அழுத்தம் கொடுத்தார். நினைவு கூப்பிட்டால் வந்தாலும் வரும், வராமலும் போகும். கை செய்யும் வேலை நடிகரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நடிகர் இதைத் தன் போக்கில் கண்டுபிடித்தார். பஸ் போன பிறகு பெருமாள் என்ன செய்வார்? திறப்புகளை எடுத்துப் பலகையில் மாட்டுவார். மாட்டிக்கொண்டே போனால் இரண்டு கொளுவிகள் காலி. அவசரத்தில் யாரோ திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"ரெண்டு தெறப்பு இல்ல" என்று அவர் சொன்னார். எழுத்துப்படியில் இல்லாத வரி. குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

எழுதியவர் கொதித்துப்போனார். "அண்ணா, அந்த நேரத்தில ஆராவது திறப்பைப் பற்றி யோசிப்பினமோ?"

"யோசிக்காட்டி நாளைக்கு முதலாளி சம்பளத்தில பிடிப்பார், தங்கச்சி."

வாக்குவாதம் அன்றைக்கு முடியவில்லை. எழுதியவருக்கு அந்த எரிச்சல் அருவருப்பாக இருந்தது. தான் நேசித்து உருவாக்கிய ஆள் இப்படி அற்பமாக யோசிப்பதா என்று. என் கட்சி நடிகருடையது. ஒரு பாத்திரம் எழுதியவருக்குப் பிடிக்காத ஓர் உணர்வை ஒருமுறையாவது உணரும் வரை அது அவருடைய செல்லப்பிள்ளையாகத்தான் இருக்கும், தனி ஆளாகாது. அந்த எரிச்சல் வந்த பிறகுதான், இரண்டு காலிக் கொளுவிகளைப் பார்த்தபடி அவர் நிற்கும் நேரத்துக்குப் பாரம் வந்தது. வெட்கம் அந்த எரிச்சலுக்குள்ளிருந்தே எழுந்தது. கண்ணீர் தேவைப்படவில்லை. அடுத்த ஒத்திகையில் எழுதியவர் தாமாகவே அந்த வரியைப் படியில் சேர்த்துவிட்டார். ஆனால் எரிச்சலைக் குறைத்துச் சொல்லும்படி ஒரு நிபந்தனையோடு.

இன்னொரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவேயில்லை. பெயர்களை வாசிக்கும்போது, தன்னைத் தோட்டக்காட்டான் என்ற அம்மாவின் பெயர் வருகிறது. அங்கே குரல் மாறவேண்டுமா? மாறக்கூடாது என்றார் எழுதியவர், பழிவாங்குவது போலாகிவிடும் என்று. கொஞ்சம் வேகமாக வாசிக்க வேண்டும் என்றார் நடிகர். மேடையில் அவர் வேகமாகத்தான் வாசித்தார். பழியா, அந்தப் பெயரைச் சொல்லத் தாங்கவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மேடையில்

முதல் மேடையேற்றத்தில் "ஒவ் சேர்" என்ற முதல் வரிக்கே சபையில் சிரிப்பு. நகைச்சுவை நாடகங்கள் பழக்கிவைத்த சிரிப்பு அது. நடிகர் அதற்கு இடம் கொடுக்காமல் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். ஐ.சி. இலக்கக் காட்சியில் வந்த சிரிப்பு வேறு விதம், விவரம் தெரிந்துகொண்ட சிரிப்பு. இடைவேளை இல்லாத நாடகம் என்பதால் தங்கள் அட்டையை எடுத்து இலக்கத்தைப் பார்த்தவர்களை இருட்டிலேயே காண முடிந்தது. "லஸ்ஸன அகுரு"வுக்கு யாரும் சிரிக்கவில்லை.

முடிந்த பிறகு நடந்த கலந்துரையாடலில் வயதான ஒருவர் எழுந்து, பொலிஸுக்கு உதவிய ஆளாக அவரைக் காட்டிவிட்டீர்கள், கொப்பியை ஒளித்திருக்கலாமே என்றார். மலையகத்தைச் சேர்ந்த ஒரு பெண், ஒளித்திருந்தால் அடுத்த நாள் அவரை யார் பார்த்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். பத்து நிமிடம் இருவரும் பெருமாள் என்ன செய்திருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். நாடகம் நன்றாக இருந்ததா என்று ஒருவரும் பேசவில்லை. எழுதியவர் மேடை ஓரத்தில் சங்கடத்தோடு நின்றார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போல ஒரு கற்பனை ஆளைப் பற்றிப் பேசியதுதான் அவருக்குக் கிடைத்த பாராட்டு என்று நான் சொன்னேன். அவர் அவ்வளவாக நம்பவில்லை.

சரிவராதவை

நடிகரின் மலையகத் தமிழ் கடைசி வரை முழுதாகச் சரிவரவில்லை. பையனிடம் அதட்டும் இடங்களில் சினிமா எட்டிப்பார்த்தது. தலவாக்கலைப் பையன் வசனங்களைத் தன் வாயால் பதிவு செய்து கொடுத்தும், அதட்டலில் மட்டும் பழைய பழக்கம் வந்துவிடுகிறது. மலையகத்தைச் சேர்ந்த ஒரு நடிகருக்கு இந்தப் பாத்திரத்தைக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வியும் கலந்துரையாடலில் வந்தது. நியாயமான கேள்வி. அடுத்த மேடையேற்றத்துக்கு அப்படி ஒருவரைத் தேடுகிறார்கள். இப்போதைய நடிகர் அந்தக் கொப்பியை அவருக்குக் கொடுக்கத் தயார் என்கிறார். கொடுக்கக் கூடாது, புதியவர் தன் கொப்பியைத் தானே எழுத வேண்டும் என்பது என் கருத்து. புள்ளிகள் வேறு இடத்தில் விழும்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பெப்ரவரி 9இல் பிறந்த அந்தப் பெண் இன்னும் ஆளாகவில்லை. பெருமாளின் கெட்டித்தனத்தைக் காட்ட ஒரு அட்டை தேவைப்பட்டது, அதை நீட்ட ஒரு கை தேவைப்பட்டது, அதற்காகத்தான் அவள் வருகிறாள். விடியற்காலையில் அவள் பஸ்ஸில் ஏறும்போது சபைக்கு இரக்கம் வருகிறது, ஆனால் அவளைத் தெரியாது. இவள் காலையில் எழும்பி என்ன செய்கிறாள் என்ற கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன். எழுதியவர் ஒரு காட்சி யோசித்து வைத்திருக்கிறார்: தங்கும் காரணத்தைப் பெருமாள் கேட்கும்போது அவள் பொய் சொல்கிறாள், அவர் 'வைத்தியம்' என்று எழுதுகிறார், பிறகு பென்சிலைத் தேடுகிறார். பென்சில் அவள் கையில் இருக்கிறது. அவள் அதைக் கொடுப்பாளா என்பது இன்னும் எழுதப்படவில்லை.